48 பையா, தட்டுக்கு 48-ஆ? மீப்பெரு பொது வகுத்தி

[திரையில்: மொரீஷியஸின் காத்ர் போர்ன் நகரம், மலைக்கோவில் படிகளில் ஏறும் காவடிகள்]

வணக்கம். மொரீஷியஸில் தைப்பூசக் காவடிக்கு நாடு முழுக்க விடுமுறை. கோர் தெ கார்த் மலைச்சரிவில் இருக்கும் முருகன் கோவிலில் காவடி இறக்கியபின் வாழையிலையில் ஏழு கறியோடு சோறு. நமக்கு இன்று வேலை பிரசாதப் பையில்.

மேசைமேல் 336 முறுக்கு, 240 வாழைப்பழம், 144 லட்டு இருக்கிறதென்று வைத்துக்கொள்வோம். எல்லாப் பையும் ஒரே மாதிரி இருக்கணும், எதுவும் மிஞ்சக்கூடாது. அதிகபட்சம் எத்தனை பை கட்டலாம்?

மூன்றையும் மீதியில்லாமல் வகுக்கும் எண்களில் பெரியது எதுவோ, அதுதான் விடை. அதன் பெயர்தான் மீப்பெரு பொது வகுத்தி. அதற்காகக் காரணிகளையெல்லாம் வரிசையாக எழுத வேண்டாம். கிரேக்கக் கணித அறிஞர் யூக்ளிட் சுமார் கி.மு. 300-இல் எழுதிவைத்த வழி அழகானது: பெரியதைச் சிறியதால் வகுங்கள், அடுத்து, அந்தச் சிறியதை மீதியால் வகுங்கள். மீதி 0 ஆகும்வரை இப்படியே தொடருங்கள்; கடைசியாக எதால் வகுத்தீர்களோ, அதுதான் அந்த இரண்டின் மீப்பெரு பொது வகுத்தி.

[திரையில் ஒவ்வொரு வரியாக]
336 ÷ 240, மீதி 96
240 ÷ 96, மீதி 48
96 ÷ 48, மீதி 0

ஏன் இப்படி? 336, 240 இரண்டையும் வகுக்கிற எண், அவற்றின் வித்தியாசமான 96-ஐயும் வகுத்தே தீரும். அதனால் பெரிய எண்ணை விட்டுவிட்டுச் சின்ன எண்ணோடு தைரியமாகத் தொடரலாம்.

144-உம் 48-ஆல் வகுபடும். ஆக 48 பை. ஒவ்வொன்றிலும் 7 முறுக்கு, 5 பழம், 3 லட்டு.

இப்போது கேள்வியை மாற்றுவோம். ஒரு தட்டில் ஒரே பண்டம்தான். எல்லாத் தட்டிலும் ஒரே எண்ணிக்கை. தட்டுகள் முடிந்தவரை குறைவாக இருக்கணும். விடை மறுபடியும் 48! ஆனால் இது தட்டுகளின் எண்ணிக்கை இல்லை, ஒரு தட்டில் வைப்பது. தட்டுகள் 7 + 5 + 3, மொத்தம் 15. இங்கே அவசரப்படாதீர்கள். எண் கிடைத்ததும், அது எதை எண்ணுகிறது என்று கேள்வியைத் திரும்பப் படியுங்கள்.

[திரையில்: நசுங்கிய ஒரு வாழைப்பழம்]

ஒரு பழம் நசுங்கிவிட்டது. மீதம் 239. அது பகா எண்; மீப்பெரு பொது வகுத்தி சட்டென்று 1 ஆகிவிடும். ஒரே பை! கணக்கு சரி, கோவிலுக்கு உதவாது. "மிஞ்சக்கூடாது" என்பதைக் கொஞ்சம் தளர்த்தி 47 பை கட்டுங்கள். ஒவ்வொன்றிலும் அதே 7, 5, 3. மிஞ்சுகிற 7 முறுக்கு, 4 பழம், 3 லட்டை, பை கட்டிய பிள்ளைகளுக்கே கொடுத்துவிடலாம்.