வெள்ளைக்கும் வாசனைக்கும் கொடுக்கிற காசு

நேயர்களுக்கு வணக்கம். பாளையங்கோட்டையில் வேதியியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்ற ஆசிரியன் நான். பாத்ரூமில் பயன்படுத்தும் காகிதத்தைப் பற்றி இன்றைக்குப் பேசப் போகிறேன்.

"நம்ம ஊரில் அதை யார் வாங்குகிறார்கள்?" என்று பாதிப்பேர் கேட்பீர்கள். நியாயம்தான். தாமிரபரணித் தண்ணீர் குழாயில் வரும்போது காகிதத்துக்கு என்ன வேலை? ஆனால் மகாராஜநகர், பெருமாள்புரம் பக்கம் பெரிய கடைக்குள் போய்ப் பாருங்கள். டாய்லெட் ரோல், டிஷ்யூ, ஈர வைப்ஸ் என்று ஒரு அலமாரியே நிறைந்திருக்கிறது. கல்யாண மண்டபத்தில் கை கழுவும் இடத்தில் ரோல் தொங்குகிறது. பிள்ளை பெற்ற வீட்டுக்குப் பார்க்கப் போனால் தொட்டிலுக்குப் பக்கத்தில் வைப்ஸ் பாக்கெட் இருக்கிறது.

இந்தக் காகிதத்துக்கு ஒரே வேலை, ஈரத்தை உறிஞ்சுவது. அதற்கு வெள்ளை நிறமும் வேண்டாம், வாசனையும் வேண்டாம். தொந்தரவுகளில் பெரும்பகுதி அந்த இரண்டுக்கும் ஆசைப்பட்டதால் வந்தவை.

மரக்கூழ் இயல்பில் பழுப்பு. லிக்னின் என்ற பொருள்தான் காரணம். பழைய செய்தித்தாள் வெயில் பட்டு மஞ்சளாகிறதே, அதுவும் லிக்னின் செய்கிற வேலைதான். கூழை வெளுக்க ஒரு காலத்தில் குளோரின் வாயுவை நேரடியாகச் செலுத்தினார்கள். குளோரினும் லிக்னினும் சேரும்போது டையாக்சின்கள் என்ற நச்சுப் பொருள்கள் சிறிதளவு உண்டாகின்றன. அவற்றில் மிகக் கொடியதை உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1997இல் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உறுதியாக வகைப்படுத்தியது. உடம்புக்குள் போனால் கொழுப்பில் தங்கிவிடும். பாதியளவு வெளியேறவே 7 முதல் 11 ஆண்டுகள் பிடிக்கும்.

இதைக் கேட்டுவிட்டு ரோலைத் தூக்கி எறிய வேண்டாம். மனித உடம்புக்குள் போகும் டையாக்சினில் 90 சதவீதத்துக்கு மேல் உணவு வழியாகத்தான் போகிறது: மீன், பால், இறைச்சி. காகிதத்தால் துடைப்பதில் வரும் ஆபத்து மிகக் குறைவு. ஆலைக் கழிவு ஆற்றில் கலந்து, மீனுக்குள் போய், மீன் நம் தட்டுக்கு வருகிறதே, அந்த வழிதான் பெரிது. 1990களிலிருந்து பல ஆலைகள் குளோரின் வாயுவை விட்டு குளோரின் டையாக்சைடுக்கு மாறின. அதைத்தான் பாக்கெட்டில் ஈ.சி.எஃப். என்று போடுகிறார்கள். டி.சி.எஃப். என்று இருந்தால் குளோரின் சேர்மம் எதுவுமே இல்லாமல் ஆக்சிஜன், ஓசோன், ஹைட்ரஜன் பெராக்சைடு கொண்டு வெளுத்தது. இரண்டாவது இன்னும் நல்லது.

வெளுத்தது போதாதென்று ஒளிர்வூட்டும் சாயமும் சிலர் சேர்க்கிறார்கள். வேட்டிக்குச் சொட்டு நீலம் போடுகிற மாதிரிதான். கள்ளநோட்டு பார்க்கும் ஊதா விளக்கு கடையில் இருந்தால் அண்ணாச்சியிடம் கேட்டு, ஒரு டிஷ்யூவை அதன் கீழே காட்டுங்கள். நீலமாகப் பளிச்சிட்டால் சாயம் இருக்கிறது. அது விஷமில்லை. ஆனால் ஈரம் உறிஞ்சுவதில் அதற்கு ஒரு பங்கும் இல்லை.

சரி, பழைய காகிதத்தை மறுசுழற்சி செய்த ரோல் வாங்கலாமா? மரம் மிச்சமாகும், உண்மை. அதில் வேறொரு சிக்கல். பஸ்ஸில் மெஷினிலிருந்து கிழித்துக் கொடுக்கும் டிக்கெட், ஏ.டி.எம். சீட்டு, கடை பில் இவற்றில் பல, சூடு பட்டால் கறுக்கும் காகிதம். நகத்தால் அழுத்திக் கீறுங்கள், கறுப்புக் கோடு விழும். அந்தப் பூச்சில் பிஸ்ஃபீனால் ஏ அல்லது அதன் உறவுக்காரப் பொருள் இருக்கலாம். ஹார்மோன்களின் வேலையைக் குழப்பும் என்பதால் ஐரோப்பிய ஒன்றியம் 2020 ஜனவரி முதல் இத்தகைய காகிதத்தில் பிஸ்ஃபீனால் ஏ-க்குக் கடும் வரம்பு விதித்தது. இந்தச் சீட்டுகள் பழைய பேப்பர்காரரின் மூட்டைக்குள் போனால் டிஷ்யூவுக்குள்ளும் கொஞ்சம் வரும். ஆகவே நோட்டு, செய்தித்தாளோடு பில்லைப் போடாதீர்கள். குழந்தை கையில் விளையாடவும் கொடுக்காதீர்கள்.

எளிதில் அழியாத ஃபுளோரின் சேர்மங்களும் உண்டு. 2023இல் ஃபுளோரிடா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பல கண்டங்களின் டாய்லெட் பேப்பரைச் சோதித்தபோது அவற்றில் இதன் சுவடு தெரிந்தது. அளவு மிகச் சிறியது. ஆனால் கழிவுநீரோடு போனால் சிதையாமல் நிற்கும் வகை இது. பொதிகையில் பிறந்து புன்னக்காயலில் கடல் சேரும் வரை எத்தனை ஊர் குடிக்கிறது நம் ஆற்றுத் தண்ணீரை! கழிப்பறையில் போடுவது கண்ணுக்கு மறைந்தால் தீர்ந்தது என்று நினைக்கிறோம், அதுதான் எனக்குக் கோபம்.

தோலைப் பொறுத்தவரை நான் அதிகம் எச்சரிப்பது ஈர வைப்ஸைத்தான். ஈரமான பொருள் பாக்கெட்டுக்குள் பூசணம் பிடிக்காமல் மாதக்கணக்கில் இருக்க வேண்டுமானால் பதப்படுத்தும் மருந்து வேண்டும். அதில் ஒன்று மெத்தில்ஐசோதயாசோலினோன். இதனால் வரும் தோல் ஒவ்வாமை பெருகிப்போய், அமெரிக்கத் தோல் ஒவ்வாமைச் சங்கம் 2013ஆம் ஆண்டின் ஒவ்வாமைப் பொருளாகவே இதை அறிவித்தது. இதோடு வாசனையும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். பிள்ளைக்குப் பின்பக்கம் சிவந்து போகிறது, அம்மா இன்னும் நன்றாகத் துடைக்க வேண்டுமென்று இன்னொரு வைப்ஸ் எடுக்கிறாள், சிவப்பு கூடுகிறது. பெரியவர்களுக்கும் அப்படித்தான். மூலம் இருப்பவர்களும், அந்தரங்க இடத்தில் அரிப்பு என்று சொல்லக் கூச்சப்படும் பெண்களும், மருந்து தேடுவதற்கு முன்னால் வாசனை வைப்ஸையும் பூப்போட்ட வாசனை ரோலையும் இரண்டு வாரம் நிறுத்திப் பாருங்கள். அப்புறமும் குறையவில்லை என்றால் டாக்டரிடம் போங்கள். இன்னொன்று, பல வைப்ஸில் பாலியெஸ்டர் இழை இருக்கிறது. தண்ணீரில் கரையாது. கழிப்பறைக்குள் போட்டால் குழாய் அடைக்கும், செப்டிக் டேங்க் லாரிக்காரர் வந்து திட்டிக்கொண்டே எடுப்பார்.

அப்படியானால் எதை எடுப்பது? முதலில் தண்ணீர். செம்போ கப்போ ஹெல்த் ஃபாசெட்டோ, எதுவானாலும் சரி. பெண்கள் முன்னிருந்து பின்னாகக் கழுவ வேண்டும். ஃபாசெட்டின் வேகத்தைக் குறைத்து வையுங்கள், புண்ணுள்ள இடத்தில் பீய்ச்சினால் எரியும். துடைக்க, நைந்த பருத்தி வேட்டியைக் கைக்குட்டை அளவில் கிழித்து வைத்துக்கொள்ளலாம். ஆளுக்குத் தனித்தனி, சோப்புப் போட்டு அலசி வெயிலில் காய வையுங்கள். நம் ஊர் வெயிலுக்குச் சீக்கிரம் காய்ந்துவிடும். தேய்க்காமல் ஒற்றி எடுங்கள். கைப்பிள்ளைக்கும் இதே துணி, வெதுவெதுப்பான தண்ணீர், போதும். நம் ஆச்சிமார் செய்ததுதான்.

காகிதம் வாங்கியே ஆக வேண்டும் என்றால் வாசனை இல்லாதது, பூ அச்சடிக்காதது, வெளுக்காதது என்று பார்த்து வாங்குங்கள். மூங்கில் என்று எழுதியிருப்பதை மட்டும் நம்பாதீர்கள், மூங்கில் கூழையும் வெளுப்பார்கள். பழுப்பு நிறமாக இருந்தாலும் பாக்கெட்டில் எழுதியிருப்பதை ஒரு தரம் படியுங்கள். ரயிலில் போகும்போது வைப்ஸுக்குப் பதில் ஒரு தண்ணீர் பாட்டிலும் இரண்டு வேட்டித் துண்டும் பையில் போட்டால் எழும்பூர் வரை கவலையில்லை. நனைந்த துணியை வைக்கத் தனியாக ஒரு பையும் மறக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள். வணக்கம்.