பார்பரா வொர்த்தும் கொலராடோ ஆற்றின் வண்டலும்

நேயர்களுக்கு வணக்கம். மௌனப்பட காலத்து வெஸ்டர்ன் என்றால் குதிரையும் துப்பாக்கியும்தான் நினைவுக்கு வரும். ஹென்றி கிங் 1926-இல் இயக்கிய 'தி வின்னிங் ஆஃப் பார்பரா வொர்த்' படத்தில் அவை இருந்தாலும், சண்டையெல்லாம் வாய்க்கால் தண்ணீருக்காக. ஹெரால்ட் பெல் ரைட்டின் 1911-ஆம் ஆண்டு நாவல்தான் மூலம். கதை நடக்கும் கலிபோர்னியாவின் இம்பீரியல் பள்ளத்தாக்கிலேயே குடியிருந்து அவர் அதை எழுதினார்.

கதையில் கொலராடோ ஆற்றுத் தண்ணீரைப் பாலைவனத்துக்குத் திருப்புகிறார்கள். முதலாளி செலவை மிச்சம் பிடிக்கிறார். வெள்ளத்துக்கு அவருடைய கட்டுமானம் தாங்கவில்லை, ஊர் அடித்துக்கொண்டு போகிறது. பேராசையை வில்லனாக்குவது திரைக்கதைக்கு வசதிதான். ஆனால் நிஜத்தில் எல்லாவற்றையும் தொடங்கிவைத்தது வண்டல். அதைப் படம் போதிய அளவு சொல்லவில்லை என்பது என் குறை.

1901-இல் கால்வாயில் தண்ணீர் ஓடத் தொடங்கியது. கொலராடோ கலங்கலாகவே ஓடும் ஆறு. வேகம் குறைந்த இடத்திலெல்லாம் மண் படியும். 1904-க்குள், ஆற்றுத் தண்ணீர் கால்வாய்க்குள் நுழையும் வாயை ஒட்டிய சுமார் 4 மைல் நீளம் தூர்ந்துவிட்டது. பயிர் வாடுகிறது, தூர் வாரி முடிக்க அவகாசமில்லை. அக்டோபரில் எல்லைக்குத் தெற்கே, மெக்சிகோ மண்ணில், ஆற்றங்கரையை வெட்டித் திறந்தார்கள். அந்த வெட்டுக்கு மதகு வைக்கவில்லை. தப்பு அங்கேதான்.

1905 தொடக்கத்தில் வெள்ளம் அடுத்தடுத்து வந்தது. பள்ளத்தாக்கின் அடிப்பகுதி கடல் மட்டத்துக்கு 80 மீட்டருக்கும் கீழே. ஆற்றுக்குக் கடலுக்குப் போகும் பழைய வழியைவிட இந்தப் பக்கம் சரிவு அதிகம். வெட்டு தானாகவே அகன்றது. சில மாதங்களில் ஆறு முழுவதுமே உள்ளே திரும்பிவிட்டது. மென்மையான மண்ணில் தண்ணீர் விழுந்த இடம் இடிந்து இடிந்து, அருவி ஒன்று ஆற்றை நோக்கிப் பின்னாலேயே நகர்ந்தது. மெக்சிகாலி ஊரின் ஒரு பகுதியையும் அது விழுங்கியது.

உடைப்பை அடைக்க சதர்ன் பசிபிக் ரயில்வே இறங்கியது. மணலில் வெறும் கல்லைக் கொட்டினால் புதைந்துபோகும். அதனால் மிலாறுகளை, அதாவது மெல்லிய கிளைகளை, கட்டிப் பாய்போல் அடியில் பரப்பி, உடைப்பின் குறுக்கே மரப்பாலம் போட்டு, அதன்மேல் ரயிலை நிறுத்திக் கல்லைச் சரித்தார்கள். 1906 நவம்பரில் அடைத்தார்கள், டிசம்பரில் வேறிடத்தில் கரை உடைந்தது. 1907 பிப்ரவரி 10 அன்றுதான் கடைசியாக அடைபட்டது. உள்ளே தேங்கிய தண்ணீரே சால்டன் கடல் என்ற ஏரி.

படம் எடுத்தபோது இம்பீரியல் பச்சை வயலாகியிருந்தது. கிங் நெவாடாவில் கெர்லாக் ஊருக்கு அருகே, பிளாக் ராக் பாலைவனத்தில் செட் போட்டார். வெள்ளக் காட்சியில் மினியேச்சரை, அதாவது சிறிய மாதிரி செட்டை, கவனியுங்கள். தண்ணீரைச் சிறிதாக்க முடியாது, துளி எப்போதும் துளி அளவுதான். அசலில் 16-இல் ஒரு பங்கு மாதிரி என்றால், அதன் வர்க்கமூலமான 4 மடங்கு வேகத்தில் கேமராவை ஓட்ட வேண்டும்; அப்போதுதான் திரையில் அசைவு மெதுவாகத் தெரியும். இல்லாவிட்டால் திரையில் வெள்ளம் தொட்டித் தண்ணீர்போல் துள்ளும்.

கேரி கூப்பர் அப்போது பெயர் தெரியாத இளைஞர். பாலைவனத்தைக் கடந்து செய்தி கொண்டுவரும் ஏப் லீயாக நடித்தார். கிங் அவர் முகத்தை நனைத்து, முல்தானி மட்டியைப் பூசி, சோர்ந்துபோகும்வரை நடக்கவிட்டார். பிறகு கதவைத் தட்டச் சொன்னார். கதவு திறந்ததும் புழுதி வெடித்த அந்த முகம் ஒரு கணம் தெரிகிறது. ஆள் நிற்க முடியாமல் முன்னால் சாய்கிறார்.