கைதட்டலா, பேனாவா? பேனா பக்கம் நின்னு நான் பேசினது

நடுவர் ஐயா, எதிரணி அண்ணன், அக்கா, முன் வரிசைப் பெரியவங்க, பின்னாடி சுண்டல் பொட்டலத்தோட நிக்கற தம்பிங்க, எல்லாருக்கும் வணக்கம். தலைப்பு என்னன்னு மறந்திருப்பீங்க, கலையை வாழ வைக்கிறது ரசிகனோட கைதட்டலா, விமர்சகனோட பேனாவா. நான் பேனா பக்கம். இதுல எனக்கு ஒரு சங்கடம், பேனாவுக்காகப் பேச வந்தவன் உங்ககிட்ட கைதட்டல் எதிர்பார்க்கக் கூடாது, அதனால தயவுசெஞ்சு யாரும் தட்டாதீங்க. பாருங்க, தட்டுறாங்க. சொன்னா கேக்கற ஊரா இது.

அண்ணன் பேசும்போது ஒண்ணு சொன்னாரு, விமர்சகன்ங்கறவன் கிணத்துல எறங்காம கரையில நின்னு நீச்சல் சொல்றவன்னு. செம டயலாக், எனக்கே கை அரிச்சுது. ஆனா அண்ணே, நீங்க கிராமத்துக் கிணத்துல நீச்சல் பழகினவருதானே, உங்களுக்குச் சொல்லிக் குடுத்த மாமா எங்க நின்னாரு? இடுப்புல சுரைக்குடுக்கையைக் கட்டி, கயித்து நுனியைக் கையில புடிச்சுக்கிட்டு மேலதான நின்னிருப்பாரு. அவரும் உங்களோட உள்ள குதிச்சிருந்தா நீங்க முங்கறதை யாரு பாத்திருப்பா?

அக்கா சினிமாவுக்குப் போயிட்டாங்க. விமர்சனம்தான் படத்தைக் கொல்லுது, அதனாலதான் 2024 கடைசியில தயாரிப்பாளருங்க, தியேட்டர் வளாகத்துக்குள்ள யூடியூப் ஆளுங்களை விடாதீங்கன்னாங்க, முதல் மூணு நாள் விமர்சனமே வரக்கூடாதுன்னு சென்னை ஹைகோர்ட் வரைக்கும் போனாங்கன்னு அடுக்கினாங்க. கோர்ட் அப்போ தடை போட மறுத்துச்சு, விமர்சனம் பண்றது கருத்துச் சுதந்திரம்னு சொல்லிச்சு, அந்தப் பாதிய மட்டும் அக்கா வசதியா விட்டுட்டாங்க. சரி, போகட்டும். நான் கேக்கறது வேற. தியேட்டர் வாசல்ல மைக்கை நீட்டினதும் படம் வேற லெவல், மொக்கை, தலைவர் வெறித்தனம்னு கத்தறாரே ஒருத்தர், அவரா விமர்சகர்? அது கைதட்டல்க்கா. காசு வந்தா கைதட்டல், வரலன்னா ஊளை, ரெண்டுமே உங்க டிபார்ட்மென்ட். காசு வாங்கிட்டு எழுதற பேனாவும் இருக்கு, இல்லன்னு நான் சாதிக்க வரல. கலப்படப் பால் விக்கறான்ங்கறதுக்காக மாடு வளக்கறதை விட்டுட்டோமா?

இப்ப நான் பாத்த ஒண்ணைச் சொல்றேன். எங்க பக்கம் திருவண்ணாமலை மாவட்டம், திரௌபதி அம்மன் கோயில்ல பாரதம் வெச்சா, அதான் மகாபாரதத் திருவிழா, ராத்திரி ராத்திரி கூத்து. எங்க தாத்தாவோட கூட்டாளி ஒருத்தர், சின்ன வயசுல வேஷம் கட்டினவரு, நாயனம் மாதிரி ஊதற முகவீணைக்காரர் பக்கத்துல ஒரு கோணிப்பையைப் போட்டு விடிய விடிய உக்காந்திருப்பாரு. ஊரே விசிலடிக்கும், அவரு தலையைக்கூட ஆட்ட மாட்டாரு. ஒரு வருஷம் துகில் உரியற கூத்து. துச்சாசனன் வேஷம் எங்க ஊருப் பையன், பகல்ல பெயிண்டர் வேலை. சேலையில கை வைக்கறப்போ திரும்பி கூட்டத்தைப் பாத்து மீசையை முறுக்கினான் பாருங்க, விசில்னா விசில், ஒரு மாமா எந்திரிச்சுப் போய் சட்டையில பத்து ரூபா நோட்டைக் குத்தினாரு, கூத்தை நடத்திக் குடுக்கற கோமாளி கட்டியங்காரன் அவரு பேரைச் சொல்லி ரெண்டு நிமிஷம் வாழ்த்துனான், அது வரைக்கும் திரௌபதி சேலைத் தலைப்பைப் புடிச்சுக்கிட்டு சும்மா நிக்குது.

காலையில பம்ப்செட்டுல அந்தப் பையன் தேங்காயெண்ணெய் தேச்சு அரிதாரத்தைக் கழுவிக்கிட்டு இருக்கான், பெரியவர் போய் தொட்டி மேல உக்காந்தாரு. எதுக்குடா கூட்டத்தைப் பாத்தன்னு கேட்டாரு. விசில் வந்துச்சுல்லன்னான். வந்துச்சு, ஆனா நீ கூட்டத்தைப் பாத்த அந்த நிமிஷம் நீ துச்சாசனன் இல்ல, எங்க ஊரு பெயிண்டர்தான்னு சொல்லிட்டு எந்திரிச்சுப் போயிட்டாரு. பையனுக்கு மூஞ்சி செத்துப்போச்சு, ரொம்ப நாள் அவரைப் பாத்தா டீக்கடையில இருந்து எந்திரிச்சுப் போயிடுவான். அடுத்து பாரதம் வெச்சப்போ அதே வேஷம், அதே இடம், நானும் பாத்துக்கிட்டே இருக்கேன், திரும்பவே இல்ல. கண்ணு சேலையிலேயே நிக்குது. விசில் ஒண்ணுகூட வரல. பொம்பளைங்க வரிசையில யாரோ விசும்புறது கேக்குது, அப்புறம் கோவிந்தா கோவிந்தான்னு கூட்டம் மொத்தமும் எந்திரிச்சுது பாருங்க, எனக்கு இப்ப சொல்றப்பவும் ஒரு மாதிரி ஆகுது. பெரியவரு அப்பவும் ஒண்ணும் சொல்லல, பக்கத்துல இருந்த என்னைப் பாத்து டீ கெடைக்குமான்னு கேட்டாரு.

அக்கா, முதல் வருஷம் அந்தப் பையனுக்கு வந்தது கைதட்டல், பத்து ரூபா, ரெண்டு கலர் சோடா. கூத்து வந்தது ரெண்டாவது தடவைதான்.

நக்கீரரை எதிர்பார்த்துக்கிட்டு இருந்தீங்கன்னா ஸாரி, எல்லா பட்டிமன்றத்துலயும் அந்த மனுஷனைக் குளத்துல தள்ளியாச்சு, இன்னிக்கு லீவு குடுப்போம். நான் வேற ஆளுங்களைக் கூட்டிட்டு வர்றேன். முத்தொள்ளாயிரம்னு ஒரு நூல், பேர்லயே தொள்ளாயிரம் இருக்கு, நம்ம கைக்கு வந்தது நூத்துச் சொச்சம் பாட்டுதான். அதுவும் எப்படி வந்துச்சு? நூலோட ஏடு எதுவும் கிடைக்கல. பிற்காலத்துல யாரோ ஒருத்தர், தன் பேரைக்கூட வெக்காத ஒருத்தர், நல்ல பாட்டா பொறுக்கி புறத்திரட்டுன்னு தொகுத்தாரு, பெரும்பாலும் அதுல இருந்து வந்ததுதான். வளையாபதி ஐம்பெருங்காப்பியத்துல ஒண்ணுன்னு பத்தாங்கிளாஸ்ல மனப்பாடம் பண்ணோமே, மொத்தம் 72 பாட்டுதான் மிச்சம், அதுவும் புறத்திரட்டுல இருந்தும், அடியார்க்குநல்லார் மாதிரி உரையாசிரியருங்க மேற்கோள் காட்டினதுல இருந்தும் பொறுக்கினது. அந்தக் காப்பியம் அரங்கேறின அன்னிக்குக் கேட்டவங்க தட்டாமலா இருந்திருப்பாங்க? அந்தச் சத்தம் எங்க போச்சு? உரையாசிரியர் எப்படி விமர்சகர் ஆவார்னு அண்ணன் முணுமுணுக்கறது கேக்குது. ஆயிரம் பாட்டுல இதுதான் இந்த இடத்துக்குப் பொருந்தும், இது நிக்கும்னு எடுத்து வைக்கிறாரே, அதுக்குப் பேரு வேற என்னண்ணே?

அடுத்தது கல்கி. விமர்சகருங்க கல்கியை ஒதுக்கினாங்க, ஜனங்க கைதட்டித் தூக்கி வெச்சாங்கன்னு அண்ணன் கேஸ் கட்டினாரு. விமர்சகர் க.நா.சு. ஒதுக்கினது உண்மை, அதுல அவரு கொஞ்சம் ஓவராத்தான் போனாருன்னு எனக்கும் தோணும், தொடர்கதைக்காக வாராவாரம் ஒரு ஊரையே காத்திருக்க வைக்கிறது சின்ன வேலையா? ஆனா அண்ணே, உங்க கைதட்டல் ராஜா இருக்காரே அந்தக் கல்கி, அவரே ஆனந்த விகடன்ல கர்நாடகம்னு புனைபேரு வெச்சுக்கிட்டு ஆடல் பாடல் பகுதியில கச்சேரி விமர்சனம் எழுதினவருதான். அந்தக் காலத்துல கச்சேரி முழுக்க தெலுங்குக் கீர்த்தனை, தமிழ்ப் பாட்டுன்னா கடைசியில எந்திரிச்சு செருப்புத் தேடற நேரத்துல பாடற துக்கடா. சபாவுல உக்காந்திருந்தவங்க அதுக்கும் ஜோராத்தான் தட்டினாங்க. ஏன்யா தமிழ்ல பாடக்கூடாதுன்னு பத்திரிகையில விடாம சண்டை போட்டவங்கள்ல முக்கியமான ஆளு கல்கி. 1943ல தமிழ் இசைச் சங்கம் உருவானதுக்குக் காரணமா இந்த மாதிரி பேனாச் சண்டை எத்தனையோ இருக்கு.

இன்னொரு பக்கம் எழுத்தாளர் சி.சு.செல்லப்பா. 1959 ஜனவரியில எழுத்துன்னு ஒரு பத்திரிகை ஆரம்பிக்கறாரு, எதுக்கு, முக்கியமா விமர்சனத்துக்காக. தொடர்கதை கிடையாது, சினிமா கிடையாது, யாரு வாங்குவா? வாங்கலதான். மனுஷன் புத்தக மூட்டையைத் தோள்ல தூக்கிக்கிட்டு காலேஜ் காலேஜா ஏறி எறங்கினாரு. வேட்டி கட்டின ஒரு ஒல்லி உருவம், தோள்ல மூட்டை, படிக்கட்டுல நின்னு மூச்சு வாங்குது, அதை ஒரு நிமிஷம் நினைச்சுப் பாருங்க. அந்த விமர்சனப் பத்திரிகையில இருந்துதான் புதுக்கவிதை எந்திரிச்சு வந்துச்சு. கவிஞர் ந.பிச்சமூர்த்தி திரும்ப எழுத வந்தாரு, இலங்கையில இருந்து கவிஞர் பிரமிள் எழுதினாரு. 1962ல செல்லப்பா 24 கவிஞருங்களோட 63 கவிதையை எடுத்துத் தொகுப்பாவே போட்டாரு. இதெல்லாம் கவிதையா, உரைநடையை உடைச்சுப் போட்டிருக்கான்னு சிரிச்ச கூட்டம் அன்னிக்கு எவ்வளவு பெரிசு தெரியுமா? இன்னிக்கு வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ்ல நாலு வரி மடக்கிப் போட்டு ஹார்ட் வாங்கறோமே, அந்தக் கணக்குல கொஞ்சம் அந்த மூட்டைக்கும் சேரணும்.

வாழ்க்கைக்கும் சமூகத்துக்கும் விமர்சகன் என்ன பண்ணினான்னு அக்கா கேட்டாங்க, நல்ல கேள்வி. கடலைத் தாண்டி யாழ்ப்பாணம் போவோம். 1960கள்ல ஈழத்துல ஒடுக்கப்பட்ட சாதியில இருந்து வந்தவங்க தங்க வீட்டுப் பேச்சுலேயே கதை எழுதினாங்க. மரபு தெரிஞ்ச பண்டிதருங்க அதுக்கு வெச்ச பேரு இழிசனர் இலக்கியம். படிச்சவங்க சபை, கைதட்டல் எல்லாம் பண்டிதர் பக்கம். அப்போ விமர்சகருங்க கைலாசபதியும் சிவத்தம்பியும் இந்தப் பக்கம் நின்னு, மரபுன்னா யாரோட மரபு, இலக்கியத்துல யாரு பேச்சுக்கு இடம் உண்டுன்னு எழுதி எழுதியே மல்லுக்கட்டினாங்க. கைலாசபதி 1982ல சாகும்போது ஐம்பது வயசுகூட ஆகல. நான் இந்த மேடையில வந்தாங்க போனாங்கன்னு பேசறேன், நீங்களும் முகம் சுளிக்காம கேக்கறீங்க. ஒரு காலத்துல இதுக்கே ஒரு சண்டை போட வேண்டியிருந்துச்சு.

நடுவர் ஐயா, நீங்க மணி மேல கை வெச்சதைப் பாத்துட்டேன், ஒரே ஒரு விஷயம். தீர்ப்பை எப்படிச் சொல்லப் போறீங்க? எந்த அணிக்குத் தட்டல் அதிகம்னு காதுல வாங்கியா? அப்படின்னா உங்க நாற்காலியில ஒரு சவுண்ட் மீட்டரை வெச்சிருக்கலாமே, போக்குவரத்துச் செலவாச்சும் மிச்சம்.

அப்புறம் எதிரணி அண்ணன், கைதட்டலுக்காக அரை மணி நேரம் உருகினவரு, நான் மேடையேறினதுல இருந்து குனிஞ்ச தலை நிமிரல. என் பேச்சுல எங்கெங்க ஓட்டைன்னு குறிப்பு எடுக்கறாரு. அண்ணே, அந்தக் கையில இருக்கறதைக் கொஞ்சம் மேல தூக்கிக் காட்டுங்க, பின்னாடி இருக்கற தம்பிங்களுக்கும் தெரியட்டும்.