190 ஓடு, 14 கையெழுத்து: ஏதென்ஸில் ஓட்டுக்கு ஆள் பிடித்த கதை

வணக்கம் மக்களே. ஏதென்ஸ் என்றாலே ஜனநாயகம் பிறந்த ஊர் என்று பெருமையாகச் சொல்வோம் இல்லையா? இன்றைக்கு அந்த ஊர் அரசியலின் உள்கூத்து ஒன்றைப் பார்க்கலாம்.

திரையில் வருகிற படத்தைப் பாருங்கள். உடைந்த மதுக்கிண்ணத்தின் அடிப்பாகம், வட்டமாக இருக்கிறது. அதில் கூரான எதையோ வைத்துக் கீறியிருக்கிறார்கள்: 'தெமிஸ்டோக்ளிஸ், நியோக்ளிஸின் மகன்'. இந்த மண்பாண்ட ஓடுதான் அன்றைய வாக்குச்சீட்டு. ஆனால் ஜெயிக்க வைக்க இல்லை, ஊரை விட்டுத் துரத்த!

ஆஸ்ட்ரசிசம் என்று இதற்குப் பெயர். வருஷத்துக்கு ஒருமுறை மக்கள் சபையில் கேட்பார்கள், 'இந்த வருஷம் யாரையாவது அனுப்பணுமா?' ஆமாம் என்றால், சில வாரம் கழித்துச் சந்தைத் திடலான அகோராவில் வாக்கெடுப்பு. மொத்தம் 6,000 ஓடாவது விழ வேண்டும் என்கிறார் பழங்கால எழுத்தாளர் புளூடார்க். அதிக ஓடு வாங்கியவர் 10 நாளில் கிளம்பிவிட வேண்டும், 10 வருஷத்துக்குத் திரும்பக் கூடாது. குற்றச்சாட்டும் கிடையாது, விசாரணையும் கிடையாது. ஆனால் வீடு நிலமெல்லாம் அவர் பேரிலேயே இருக்கும். (பெண்களுக்கும் அடிமைகளுக்கும் ஓட்டே இல்லை, அது தனிக் கதை.)

கி.மு. 487-இல்தான் முதல் ஆள் வெளியே போனார். சில ஓடுகளில் பெயரோடு வசையும் இருக்கும். 'கிமோனே, எல்பினிகியையும் கூட்டிக்கொண்டு போய்த் தொலை' என்று ஒருத்தர் கீறியிருக்கிறார். கிமோன் ஏதென்ஸின் ஒரு தலைவர், எல்பினிகி அவருடைய சகோதரி. இரண்டு பேரையும் சேர்த்து ஊரில் கிசுகிசு ஓடியது. மீம் போடுகிற கூட்டம் அப்போதே இருந்திருக்கிறது!

சரி, விஷயத்துக்கு வருகிறேன். 1937-இல் அக்ரோபோலிஸ் குன்றின் வடக்குச் சரிவில், ஒரு பழைய கிணற்றில் ஏறக்குறைய 190 ஓடுகள் கிடைத்தன. கிட்டத்தட்ட எல்லாவற்றிலும் ஒரே பெயர், தெமிஸ்டோக்ளிஸ். எழுத்தை ஒப்பிட்டுப் பார்த்தால், எழுதியது மொத்தம் 14 பேர்தான்! பல ஓடுகள் ஒரே மாதிரிக் கிண்ண அடிகள். உட்கார்ந்து கீறிக் குவித்து, வருகிறவர் கையில் கொடுக்க வைத்திருந்த சரக்கு; மிஞ்சியது கிணற்றில் விழுந்திருக்கிறது. எழுதத் தெரியாதவர்களுக்கு உதவி செய்திருப்பார்கள் என்றும் சொல்லலாம். இருக்கட்டும், ஆனால் உதவி செய்ய வந்த அத்தனை பேருக்கும் ஒரே பெயர்தான் தெரியுமா?

இத்தனைக்கும் தெமிஸ்டோக்ளிஸ் யார்? லாரியன் சுரங்கத்தில் வெள்ளி கொட்டியபோது, ஆளுக்குக் கொஞ்சம் பங்கு போடாமல் கப்பல் கட்டுவோம் என்று சபையைச் சம்மதிக்க வைத்தவர். அந்தக் கப்பல்களை வைத்துத்தான் கி.மு. 480-இல் சலாமிஸில் பாரசீகக் கடற்படையை முறியடித்தார்கள். பத்து வருஷம் ஆவதற்குள் அவரையே வெளியே அனுப்பிவிட்டார்கள். கடைசியில் யாரிடம் போய்ச் சேர்ந்தார் தெரியுமா? தான் தோற்கடித்த பாரசீக மன்னர் செர்க்சஸின் மகனிடம்! அவர் மக்னீசியா நகரத்தையே கொடுத்து வைத்துக்கொண்டார்.

அப்புறம் இந்த முறை எப்படி நின்றது? கி.மு. 417-க்கும் 415-க்கும் நடுவில், நிகியாஸா ஆல்சிபியாடிஸா, இந்த இரண்டு போட்டித் தலைவர்களில் ஒருவர் போயாக வேண்டும் என்ற நிலைமை. இரண்டு பேரும் ரகசியமாகக் கைகோத்து, தங்கள் ஆட்களின் ஓடுகளையெல்லாம் ஹைபெர்போலஸ் என்ற மூன்றாவது ஆள் பக்கம் திருப்பிவிட்டார்கள். அவர் மூட்டை கட்டினார். அதற்குப் பிறகு ஏதென்ஸில் யாரையும் ஓடு போட்டு அனுப்பவில்லை.