ஒரு தீர்மானத்தில் பிறந்த கட்சி: சுதந்திராவும் செட்டிநாடும்

[திரையில்: காரைக்குடி வீடொன்றின் முகப்பு, அதைத் தாண்டி வளவு (உள்முற்றம் சூழ்ந்த வீட்டுப் பகுதி)]

1962-ஆம் ஆண்டுச் சட்டமன்றத் தேர்தலில் காரைக்குடித் தொகுதியில் வென்றவர், கம்பன் கழகத்தை நிறுவிய 'கம்பன் அடிப்பொடி' சா. கணேசன். விடுதலைப் போராட்டக் காலத்துக் காங்கிரசுக்காரரான அவர், அந்தத் தேர்தலில் நின்றது மூன்றே வயதான சுதந்திராக் கட்சியின் சார்பில்.

1959 ஜனவரியில் நாகபுரியில் கூடிய காங்கிரஸ் மாநாடு, உழவர்கள் நிலங்களை ஒன்றுசேர்த்துக் கூட்டாகப் பயிரிடும் கூட்டுறவுப் பண்ணை முறையை ஏற்றுத் தீர்மானம் நிறைவேற்றியது. உழவனின் நிலம் நாளடைவில் அரசின் பிடிக்குப் போய்விடும் என்று அஞ்சிய இராஜாஜி, அவ்வாண்டு ஜூன் 4-இல் சென்னையில் புதிய கட்சியை அறிவித்தார். என். ஜி. ரங்கா தலைவரானார், மினூ மசானி பொதுச் செயலாளரானார்.

[திரையில்: பர்மா வரைபடம்]

செட்டிநாட்டுக்கு இந்த அச்சம் புதிதன்று. பர்மாவுக்குக் கொண்டுவிற்க, அதாவது கடல் கடந்து வட்டித் தொழில் செய்யப் போன நகரத்தாரிடம் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்களிடம்), 1930-களின் பொருளாதார மந்தத்தில் கடன் திரும்பாத காரணத்தால், கீழ்ப் பர்மாவின் முதன்மையான நெல் மாவட்டங்களில் ஏறத்தாழ கால் பங்கு நிலம் வந்து சேர்ந்திருந்தது. 1942-இல் ஜப்பானியப் படையெடுப்பு அவர்களைத் துரத்தியது. 1948-இல் பர்மிய அரசின் சட்டம் நிலத்தையும் நாட்டுடைமையாக்கியது. பர்மிய உழவர்களின் இழப்பும் அதே கணக்கேட்டில்தான் இருக்கிறது என்பதை நாம் மறக்கக் கூடாது. ஆனால், அரசு நினைத்தால் ஒரே சட்டத்தில் உடைமை போய்விடும் என்பதை இந்த வளவுகளில் யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

1962-இல் மக்களவையில் 18 இடங்களைப் பெற்ற சுதந்திராக் கட்சி, 1967-இல் 44 இடங்களுடன் மிகப் பெரிய எதிர்க்கட்சியானது. தமிழகத்தில் தி.மு.க.வுடன் அணி சேர்ந்து 20 சட்டமன்ற இடங்களை வென்றது.

சரிவு விரைவாக வந்தது. 1937-இல் காரைக்குடி, சென்னை, ரங்கூன் மூன்றிலும் ஒரே நாளில் கிளை திறந்த இந்தியன் ஓவர்சீஸ் வங்கி, 1969-இல் நாட்டுடைமையான 14 வங்கிகளுள் ஒன்று. அந்த நடவடிக்கையால் இந்திரா காந்தியின் செல்வாக்கு உயர்ந்தது. 1971 தேர்தலில் சுதந்திராவுக்குக் கிடைத்தவை 8 இடங்களே. 1972 டிசம்பர் 25-இல் இராஜாஜி மறைந்தார்.

[திரையில்: சரண் சிங்கின் படம்]

1974 ஆகஸ்டில், பிலூ மோடி தலைமையில் இருந்த கட்சி, சரண் சிங்கின் பாரதிய லோக் தளத்தில் இணைந்தது. உத்தரப் பிரதேசத்தில் ஜமீன்தாரி முறையை ஒழித்தவரான சரண் சிங்கோடு, மன்னர்களும் ஜமீன்தார்களும் நிறைந்திருந்த கட்சி எப்படிச் சேர்ந்தது என்று பலர் இன்றும் வியக்கிறார்கள். எனக்கு இது வியப்பாகத் தெரியவில்லை. 1959-இல் அதே நாகபுரி மாநாட்டு மேடையில், நேருவின் முன்னிலையில், கூட்டுறவுப் பண்ணைத் தீர்மானத்தை எதிர்த்துப் பேசியவர் சரண் சிங். இராஜாஜி வெளியே நின்று எதிர்த்ததை அவர் உள்ளே இருந்து எதிர்த்தார். இருவரையும் சேர்த்த கயிறு, உழுபவனின் சொந்த நிலம்.

1977-இல், லோக் தளமும் சேர்ந்து உருவான ஜனதா கட்சி வடக்கே போட்டியிட்டது லோக் தளத்தின் ஏர் உழவன் சின்னத்தில். சுதந்திராவின் சின்னமான நட்சத்திரம் அந்த வாக்குச்சீட்டில் இல்லை.