பச்சைக் குழாய் யார் வீட்டு முற்றத்தில்?

எல்லோருக்கும் வணக்கம்.

பல துறைகளின் ஆசிரியர்களும் மாணவர்களும் ஒரே அரங்கில் உட்கார்ந்திருக்கிறீர்கள். பல்கலைக்கழகத்தில் இது அடிக்கடி காணக் கிடைக்காத காட்சி. நான் வேதியியல் ஆசிரியர். வளங்குன்றா வளர்ச்சி பற்றிப் பேசச் சொன்னார்கள். 1987-இல் புருண்ட்லாண்ட் அம்மையார் தலைமையிலான ஐ.நா. ஆணையம் தந்த விளக்கம் உங்களுக்குத் தெரியும்: வருங்காலத் தலைமுறையின் வழியை அடைக்காமல் நம் தேவையை நாம் நிறைவேற்றிக்கொள்வது. நல்ல விளக்கம்தான். ஆனால் அதைப் படித்தவுடன் நாளைக் காலை வகுப்பில் என்ன செய்வது என்று தெரிந்துவிடாது. அதனால் அதை விட்டுவிட்டு ஓர் அடிபம்பைப் பற்றிப் பேசப் போகிறேன்.

வங்கதேசக் கிராமங்களில் ஒரு காலத்தில் குளத்துத் தண்ணீரைத்தான் குடித்தார்கள். வயிற்றுப்போக்கில் குழந்தைகள் இறந்துகொண்டே இருந்தார்கள். கிருமி நிலத்துக்கு மேலே இருக்கும் தண்ணீரில்தானே இருக்கிறது, அப்படியானால் நிலத்துக்குக் கீழே போகலாம் என்று முடிவெடுத்தார்கள். 1970களிலிருந்து லட்சக்கணக்கில் குழாய்க் கிணறுகள் போடப்பட்டன. முற்றத்தில் நின்று கையால் அடித்தால் தண்ணீர் கொட்டும். தெளிவாக இருக்கும், குளிர்ச்சியாக இருக்கும், வாடை கிடையாது. பொதுச் சுகாதாரம் படித்தவர் அவருக்குத் தெரிந்ததைச் சரியாகச் செய்தார். கிணறு தோண்டிய பொறியாளரும் சரியாகத்தான் செய்தார்.

அந்தத் தண்ணீரில் ஆர்சனிக் என்ற நஞ்சு இருந்தது. இமயமலையிலிருந்து ஆறுகள் கொண்டுவந்து சேர்த்த வண்டல் மண்ணில், இரும்புத் துகள்களோடு ஒட்டிக்கொண்டிருந்த ஆர்சனிக் அது. மண்ணுக்கடியில் காற்றில்லாத இடத்தில் நுண்ணுயிர்கள் அந்த இரும்பைக் கரைக்கும்போது ஆர்சனிக்கும் நீரில் கலந்துவிடுகிறது. நிறம் இல்லை, சுவை இல்லை. பல ஆண்டுகள் குடித்த பிறகு உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் தோல் தடித்து முடிச்சு முடிச்சாகும். அதற்குப் பிறகு புற்றுநோயும் வரலாம்.

இதை முதலில் பார்த்தது யார்? தோல் மருத்துவர்கள். 1980களின் தொடக்கத்தில், எல்லைக்கு இந்தப் பக்கம் மேற்கு வங்கத்தில், நோயாளிகளின் கைகளைத் திருப்பிப் பார்த்தவர்கள் அவர்கள். வங்கதேசக் கிணறுகளில் ஆர்சனிக் உறுதிப்பட்டது 1993-இல். இந்த இடைவெளி என்னைத் தூங்கவிடாத இடைவெளி. ஆர்சனிக்கை அளக்கும் முறை எங்கள் துறையில் 19ஆம் நூற்றாண்டிலிருந்தே இருக்கிறது. கருவி இருந்தது, அறிவு இருந்தது. குடிநீரா, கிருமி இருக்கிறதா பார், என்று கேட்கத்தான் எல்லோருக்கும் கற்றுக்கொடுத்திருந்தோம். ஒவ்வொரு துறையும் தன் கேள்வியைக் கேட்டது. இரண்டு துறைக்கும் நடுவில் இருந்த கேள்வியை யாரும் கேட்கவில்லை.

சரி, கண்டுபிடித்தாயிற்று. அப்புறம்? 2000-க்குப் பிறகு சுமார் 50 லட்சம் கிணறுகளைச் சோதித்து, ஒரு லிட்டரில் 50 மைக்ரோகிராமுக்கு மேல் இருந்தால் குழாயின் வாய்க்குச் சிவப்பு, குறைவாக இருந்தால் பச்சை என்று வண்ணம் அடித்தார்கள். பத்தில் ஏறக்குறைய மூன்று சிவப்பாயின. நிலவியல் இங்கே ஒரு நல்ல செய்தி சொன்னது. ஒரே தெருவில் ஒரு கிணறு சிவப்பாகவும் சில அடிகள் தள்ளியுள்ள கிணறு பச்சையாகவும் இருக்கலாம். அதாவது பெரும்பாலான வீடுகளுக்கு நடந்து போகும் தூரத்திலேயே நல்ல தண்ணீர் இருந்தது.

என்னைப் போன்ற வேதியியல்காரருக்கு வேலை இத்தோடு முடிந்தது. தகவல் கொடுத்தாயிற்று, இனி மக்கள் மாறிக்கொள்வார்கள். வங்கதேசத்தின் அடாய்ஹசார் என்ற பகுதியில் அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் நிலவியல், மருத்துவம், பொருளாதாரம் ஆகிய துறையினர் ஒன்றாகப் போய்ப் பல ஆண்டுகள் வேலை செய்தார்கள். தங்கள் கிணறு கெட்டது என்று தெரிந்துகொண்டவர்களில் சுமார் 60 சதவீதத்தினர் ஓராண்டுக்குள் வேறு கிணற்றுக்கு மாறினார்கள். இது பெரிய வெற்றி. மீதிப் பேர் ஏன் மாறவில்லை என்பதற்குத்தான் என் பாடப்புத்தகத்தில் பதில் இல்லை.

என் வகுப்பில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். சிவப்பு, பச்சைப் புள்ளிகள் வைத்த ஒரு கிராமப் படத்தை வரைந்து கொடுத்து, யார் எங்கே தண்ணீர் எடுக்கலாம் என்று கோடு போடச் சொன்னேன். வேதியியல் மாணவர்கள் ஐந்து நிமிடத்தில் அளவுகோல் வைத்து மிக அருகிலுள்ள பச்சைக்குக் கோடு இழுத்துவிட்டார்கள். விருப்பப் பாடமாக வந்திருந்த இலக்கிய மாணவி ஒருவர் பென்சிலை வைத்துவிட்டுக் கேட்டார்: "இந்தப் பச்சைக் குழாய் யார் வீட்டு முற்றத்தில் இருக்கிறது ஐயா? அந்த வீட்டோடு இவர்களுக்குப் பேச்சுவார்த்தை உண்டா? தண்ணீர் எடுக்கப் போவது யார்?" வகுப்பு அமைதியாகிவிட்டது. நான் வரைந்த படத்தில் முற்றமே இல்லை.

நடுவில் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், பொறியியல் நண்பர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். நேபாளத்தின் பாசன வாய்க்கால்களை எலினோர் ஆஸ்ட்ரமும் அவரோடு சேர்ந்தவர்களும் ஆராய்ந்தார்கள். ஆஸ்ட்ரம் அரசியல் அறிவியல் படித்தவர். 2009-இல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு பெற்றவர். கான்கிரீட் அணை கட்டி அரசு நடத்திய பல வாய்க்கால்களைவிட, கல்லும் மண்ணும் மரமும் வைத்து விவசாயிகளே நடத்தியவை கடைமடைக்குத் தண்ணீரை நன்றாகக் கொண்டுசேர்த்தன. காரணம் எளிது. மண் அணை ஆண்டுதோறும் உடையும். திருப்பிக் கட்டக் கடைமடைக்காரரின் உழைப்பு தலைமடைக்காரருக்கு வேண்டும். அதனால் அவருக்கும் தண்ணீர் விட்டார்கள். கான்கிரீட் வந்ததும் அந்தத் தேவை போனது, தண்ணீரும் நின்றது. இப்போது 'செயல்திறன்' என்ற சொல்லை எடுங்கள். பொறியாளருக்கு அது கசிவு குறைவது. பொருளாதார ஆசிரியருக்கு வேறு, சூழலியலாளருக்கு வேறு. ஒரே சொல்லை மூன்று பேர் மூன்று பொருளில் சொல்லித் தலையாட்டிவிட்டுக் கலைந்து போகும் கூட்டங்கள் எத்தனை!

அதனால்தான், சுற்றுச்சூழல் என்று தனியாக ஒரு தாள் வைத்துவிட்டால் போதும் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. அந்தத் தாளை எழுதி முடித்த மாணவர் மறுநாள் தன் துறைக்குத் திரும்பிப் பழைய கேள்வியையே கேட்கிறார். ஒரு பிரச்சினையை நடுவில் வைத்து இரண்டு ஆசிரியர்கள் ஒரே வகுப்பில், ஒரே நேரத்தில் நிற்க வேண்டும். மாணவர்கள் முன்னால் அவர்கள் ஒத்துப்போகாமல் இருக்க வேண்டும். அந்த வாக்குவாதம்தான் பாடம்.

ஆராய்ச்சியிலும் இதே கதைதான். இரண்டு துறைக்கு நடுவில் தலைப்பு எடுத்தவருக்கு நெறியாளர் கிடைப்பது கஷ்டம், கட்டுரையை மதிப்பிட ஆள் கிடைப்பது கஷ்டம், பதவி உயர்வில் கூட்டுக் கட்டுரைக்கு மதிப்பு குறைவு. இளம் ஆய்வாளரிடம் துணிந்து வா என்று சொல்லிவிட்டு இந்த விதிகளை அப்படியே வைத்திருப்பது நியாயமில்லை. மாற்றக்கூடிய இடத்தில் இருப்பவர்கள் சிலர் முன்வரிசையில் இருக்கிறீர்கள். உங்களிடம் இதை நேரடியாகவே கேட்டுக்கொள்கிறேன்: ஒரு முனைவர் பட்ட ஆய்வுக்கு இரு துறை நெறியாளர்கள் சமமாகக் கையெழுத்திட வழிசெய்யுங்கள்.

என் பங்குக்கு ஒன்று. அடுத்த பருவத்தில் அந்தக் கிராமப் படத்தோடு மறுபடி வகுப்பெடுக்கிறேன். இந்த முறை படத்தில் முற்றங்களும் வாசல்களும் இருக்கும். சமூகவியலிலிருந்து ஒருவர், சட்டத்திலிருந்து ஒருவர் என்னோடு நிற்க வேண்டும். கூட்டம் முடிந்ததும் வாசலில் ஒரு தாளோடு நிற்கிறேன், பெயர் எழுதிவிட்டுப் போங்கள்.