ஷெஃபீல்ட் கத்தி: முத்திரை ஒருவருடையது, உழைப்பு மூவருடையது

[காட்சி: தோல் உறையிலிருந்து உருவப்படும் பழைய கத்தி]

வணக்கம். 1600 வாக்கில் இங்கிலாந்தில் விருந்துக்குப் போகிறவர் தன் கத்தியைத் தானே கொண்டுபோவார். ரொட்டி அறுக்க, இறைச்சியைக் குத்தி எடுத்து வாயில் வைக்க, வழியில் தோல் வார் வெட்ட, எல்லாவற்றுக்கும் இடுப்பில் தொங்கும் அந்த ஒரே கத்திதான். முள்கரண்டி அங்கே இன்னும் பரவவில்லை.

அந்தக் கத்தியை நம்பி வாங்குவது சுலபமில்லை. எஃகு விலை அதிகம். அதனால் அலகை இரும்பில் அடித்து, வெட்டும் ஓரத்துக்கு மட்டும் எஃகு வைத்துக் காய்ச்சி ஒட்டுவார்கள். தீட்டிப் பளபளப்பாக்கிய பிறகு, உள்ளே எஃகு இருக்கிறதா, வெறும் இரும்பா என்று வாங்குகிறவர் எப்படிக் கண்டுபிடிப்பார்? வீட்டுக்குப் போய் முனை மழுங்கினால்தான் தெரியும்.

[காட்சி: வரைபடம். ஷெஃபீல்ட், மலைச்சரிவில் இறங்கும் ஆறுகள்]

1624-இல் இதற்கு நாடாளுமன்றச் சட்டமே வந்தது. ஹாலம்ஷயர் கத்தித் தொழிலாளர் சங்கம் அப்படித்தான் பிறந்தது; ஹாலம்ஷயர் என்பது வட இங்கிலாந்தின் ஷெஃபீல்ட் நகர வட்டாரத்துக்குப் பழைய பெயர். முதல் தலைவர் ராபர்ட் சோர்ஸ்பி. ஷெஃபீல்ட் வட்டாரமும் அதைச் சுற்றி 6 மைலும் அதன் எல்லை. வெட்டும் ஓரம் எஃகாகத்தான் இருக்க வேண்டும். தொழில் பழகும் பையன் 7 வருடமாவது பழக வேண்டும். ஒவ்வொரு கத்திக்காரரும் தனக்கென ஒரு முத்திரையைப் பதிவு செய்து அலகில் அடிக்க வேண்டும்; அடுத்தவர் முத்திரையைத் தொடக் கூடாது. இந்த விதிகளில் முத்திரையைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். எழுத்துத் தெரியாதவர்கூட அந்தக் குறியை நினைவில் வைத்து, நல்ல கத்தி கொடுத்தவரையே மறுபடி தேடலாம்.

சரி, ஏன் ஷெஃபீல்ட்? டான், ஷீஃப், போர்ட்டர், ரிவெலின், லாக்ஸ்லி என்று ஐந்து ஆறுகள் சரிவில் வேகமாக இறங்குகின்றன. அணை கட்டித் தேக்கி, தண்ணீர்ச் சக்கரத்தால் சாணைக்கல்லைச் சுற்றினார்கள். கல்லும் பக்கத்து மலைகளிலேயே கிடைத்தது. நல்ல எஃகு மட்டும் வெளிநாட்டிலிருந்து வந்தது.

[காட்சி: சாணைப் பட்டறை]

ஆரம்பத்தில் ஒரே கத்திக்காரர் உலையில் அடித்து, கெட்டிப்பட காய்ச்சித் தோய்ச்சல் போட்டு, சாணை பிடித்து, எலும்பிலோ கொம்பிலோ பிடி போடுவார். 1700-களில் இவை மூன்று தொழில்களாகப் பிரிந்தன: அடிப்பவர், தீட்டுபவர், பிடி போடுபவர். கத்தியில் முத்திரை ஒருவருடையதுதான்.

மூவரில் சாணைக்காரரின் வேலைதான் ஆபத்தானது. மரப்பலகையில் இருபுறமும் கால் போட்டு உட்கார்ந்து, சுழலும் கல்லின் மேல் குனிந்து தீட்டுவார். கல் வெடித்தால் உயிர் போகும். தூசி நுரையீரலில் படியும். கோடையில் ஆறு வற்றிச் சக்கரம் நின்றால் பலர் வயலுக்குப் போவார்கள். அந்த மாதங்களில்தான் நெஞ்சுக்குக் கொஞ்சம் நல்ல காற்று.

இதற்குள் சரக்கு கடல் தாண்டிவிட்டது. வட அமெரிக்காவில் 1670-இல் தொடங்கிய ஹட்சன் விரிகுடா கம்பெனி, பழங்குடி மக்களிடம் பீவர் என்ற நீர்வாழ் விலங்கின் தோலுக்கு மாற்றாகக் கொடுத்த பொருள்களில் கத்தியும் உண்டு.

1786-இல் ஷெஃபீல்டில் சாணைக்கு நீராவி எந்திரம் வந்தது. அப்புறம் மழைக்குக் காத்திருக்க வேண்டியதில்லை, ஓய்வும் இல்லை. முள்கரண்டியைத் தண்ணீரில்லாமல் உலர்ந்த கல்லில் தீட்டியவர்கள் பலர் 35 வயதைக்கூட எட்டவில்லை என்று 1800-களின் ஷெஃபீல்ட் மருத்துவர்கள் எழுதினார்கள்.